முப்பது தாண்டிய வைட் ரிசீவர்: வாங்கலாமா, வேண்டாமா?

ஒவ்வொரு வருஷமும் மார்ச் மாதம் வந்துவிட்டால் அமெரிக்கன் ஃபுட்பால் ரசிகர்களுக்குள் ஒரே அடிதடி. ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரர்கள் சந்தைக்கு வருவார்கள். அதில் பெயர் பெற்ற வைட் ரிசீவர் ஒருவர் நிச்சயம் இருப்பார். "முப்பது ஆயிடுச்சுப்பா, வேண்டாம்" என்று ஒரு கட்சி. "அவர் யாரு தெரியுமா, எத்தனை யார்டு ஓடியிருக்கார் தெரியுமா" என்று எதிர்க்கட்சி. இரண்டு பேருமே தப்பான கேள்வியைக் கேட்கிறார்கள் என்பது என் கட்சி :-)

இந்த ஆட்டம் பழக்கமில்லாத நண்பர்களுக்கு ஒரு வரி. குவார்ட்டர்பேக் பந்தை வீசுவார். தன்னைக் காவல் காக்கும் எதிரணி ஆளை ஏமாற்றிவிட்டு ஓடிப்போய் அந்தப் பந்தைப் பிடிப்பவர்தான் வைட் ரிசீவர். வேகம் வேண்டும், கை வேண்டும், எந்த இடத்தில் திரும்புவது என்ற கணக்கும் வேண்டும். வயது ஏற ஏற இந்த மூன்றும் ஒரே வேகத்தில் குறைவதில்லை. முதலில் போவது கால். கையும் கணக்கும் கொஞ்சம் தங்கும்.

"முப்பதுக்கு மேல் வேண்டாம்" கட்சிக்கு எதிராக எல்லோரும் முதலில் இழுப்பது ஜெர்ரி ரைஸை. 2002 சீசனில்தான் அவருக்கு 40 வயது நிறைந்தது. அந்த சீசனில் ஓக்லண்ட் அணிக்காக 92 பந்துகளைப் பிடித்து 1,211 யார்டு எடுத்தார். சூப்பர் பௌல் வரை போனார்கள். அடுத்தது லாரி ஃபிட்ஸ்ஜெரால்ட். 2015, 2016, 2017 என்று மூன்று சீசன்களிலும் 100 பந்துகளுக்கு மேல், 1,000 யார்டுக்கு மேல். மூன்றாவது சீசன் தொடங்கும்போது வயது 34.

நல்லது. ஆனால் இந்த இரண்டு பேருமே வேகத்தால் பெயர் வாங்கியவர்கள் இல்லை. ஃபிட்ஸ்ஜெரால்டை அரிசோனா அணி ஓரத்திலிருந்து உள்ளே நகர்த்தி, ஸ்லாட் என்கிற இடத்தில் ஆட வைத்தது. அங்கே நீண்ட ஓட்டப்பந்தயம் குறைவு, சட்டென்று திரும்பிப் பிடிப்பது அதிகம். வேலை மாறியதால்தான் ஆள் நிலைத்தார். இன்னொரு விஷயம், நமக்கு ரைஸும் ஃபிட்ஸ்ஜெரால்டும் ஞாபகம் இருப்பதே அவர்கள் விதிவிலக்கு என்பதால்தான். முப்பத்திரண்டில் காணாமல் போனவர்களின் பட்டியலை யாரும் மனப்பாடம் செய்வதில்லை.

அந்தப் பட்டியலில் பெரிய பெயர் ஜூலியோ ஜோன்ஸ். 2019-ல் 30 வயதில் 1,394 யார்டு. அந்த வருஷம்தான் அட்லாண்டா அவருக்கு 3 வருஷ நீட்டிப்பாக 66 மில்லியன் டாலர் கொடுத்தது. அடுத்த சீசனில் காயம், 9 ஆட்டம்தான் ஆடினார். 2021 ஜூனில் டென்னஸி அணி இரண்டாம் சுற்றுத் தேர்வு உரிமை உட்படக் கொடுத்து அவரை வாங்கியது. கிடைத்தது 10 ஆட்டம், 434 யார்டு, ஒரே ஒரு டச்டவுன். அடுத்த மார்ச்சில் விடுவித்துவிட்டார்கள். இதே மாதிரிதான் ஆண்ட்ரே ஜான்சன். 2015-ல் 33 வயதில் இண்டியானாபோலிஸுக்கு 3 வருஷம், 21 மில்லியன் என்று வந்தார். 503 யார்டு எடுத்தார். ஒரே வருஷத்தில் கதை முடிந்தது.

இங்கேதான் பி.காம். மூளை வேலை செய்கிறது. ஜோன்ஸ் விஷயத்தில் உண்மையில் அடி வாங்கியது யார்? டென்னஸியை விட அட்லாண்டாதான். காரணம் கையெழுத்து போனஸ். இந்த லீகில் ஒவ்வொரு அணிக்கும் சம்பள உச்சவரம்பு உண்டு (2025-ல் 279.2 மில்லியன் டாலர்). போனஸைக் கையில் உடனே கொடுத்துவிட்டு, கணக்கில் மட்டும் அதிகபட்சம் 5 வருஷத்துக்குப் பிரித்து எழுதலாம். 20 மில்லியன் போனஸ், 4 வருஷ ஒப்பந்தம் என்றால் வருஷத்துக்கு 5. நம் பாடப் புத்தகத்தில் வரும் நேர்கோட்டுத் தேய்மான முறையேதான்! ஆனால் இரண்டு வருஷத்தில் ஆளை அனுப்பிவிட்டால் மிச்சம் 10 மில்லியனும் கணக்கில் வந்து விழும். அதை 'டெட் மணி' என்பார்கள். 2022-ல் ஜோன்ஸ் அட்லாண்டாவில் இல்லவே இல்லை. ஆனால் அவர் பெயரில் 15.5 மில்லியன் அந்த அணியின் கணக்கில் இருந்தது.

இயந்திரம் வருஷத்துக்கு ஒரே அளவு தேய்ந்தால் நேர்கோட்டு முறை சரி. முப்பது தாண்டிய ரிசீவர் அப்படித் தேய்வதில்லை. நன்றாக ஓடிக்கொண்டே இருந்து ஒருநாள் படுத்துவிடுகிறார். ஆகவே அணியைச் சாய்ப்பது வயது மட்டும் இல்லை, அந்த வயதுக்குப் பொருந்தாத நீளமான ஒப்பந்தம்.

அதற்கு நல்ல உதாரணம் ஸ்டீவ் ஸ்மித். 2014 மார்ச்சில் கரோலினா அவரை 34 வயதில் கைவிட்டது. பால்டிமோர் 3 வருஷத்துக்குச் சுமார் 11 மில்லியன் மட்டும் பேசி எடுத்தது. முதல் சீசனிலேயே 79 பந்து, 1,065 யார்டு. தன் பழைய அணிக்கு எதிரான ஆட்டத்தில் இரண்டு டச்டவுன் வேறு! ராண்டி மாஸ் இன்னும் மலிவு. 30 வயதில், "ஆள் முடிந்தார்" என்று பேச்சு வந்த பிறகு, 2007-ல் நியூ இங்கிலாந்து வெறும் நான்காம் சுற்றுத் தேர்வு உரிமைக்கு வாங்கியது. அந்த சீசனில் 23 டச்டவுன் பிடித்து சாதனை படைத்தார். இரண்டு இடத்திலும் கணக்கு தப்பியிருந்தால்கூட அணிக்குப் பெரிய நஷ்டம் இல்லை. அதுதான் நல்ல ஒப்பந்தத்தின் அடையாளம்.

விற்பவர் பக்கமும் பார்க்கலாம். 2022-ல் கான்சாஸ் சிட்டி, 28 வயது டைரீக் ஹில்லை 5 தேர்வு உரிமைகளுக்கு மயாமியிடம் விற்றது. மயாமிக்கு 1,710, 1,799 என்று இரண்டு பிரமாதமான சீசன்கள். மூன்றாவது சீசனில், 30 வயதில், 959. அந்த வருஷம் மயாமியின் குவார்ட்டர்பேக்கும் பல ஆட்டங்களில் இல்லை, ஹில்லுக்கும் மணிக்கட்டில் காயம். அதனால் பழி முழுவதையும் வயதின் மேல் போட மாட்டேன். ஆனால் ஹில் இல்லாமலே கான்சாஸ் சிட்டி அடுத்த இரண்டு சூப்பர் பௌல்களையும் வென்றது. விலை உச்சத்தில் இருக்கும்போது விற்பது என்றால் இதுதான்.

இதுவரை சொன்னதெல்லாம் அணி முதலாளி பார்வை. ஆட்டக்காரன் பார்வையில் பார்த்தால் வயிறு எரியும்.

21, 22 வயதில் லீகுக்கு வரும் பையனுக்கு முதல் ஒப்பந்தம் 4 வருஷம். சம்பளம் கிட்டத்தட்ட முன்பே நிர்ணயம், பேரம் பேச இடமில்லை. முதல் சுற்றில் தேர்வானவனை ஐந்தாவது வருஷமும் வைத்துக்கொள்ளலாம். அதற்குப் பிறகும் 'ஃபிரான்சைஸ் டேக்' போட்டு இன்னும் ஒரு வருஷம் பிடித்து வைக்கலாம். ஜஸ்டின் ஜெஃபர்சன் முதல் நான்கு சீசன்களில் 5,899 யார்டு எடுத்தார். அந்த நான்கு வருஷத்துக்கும் சேர்த்து மினசோட்டாவுக்கு ஆன செலவு சுமார் 13 மில்லியன். 2024-ல் புது ஒப்பந்தம் போட்டபோது அவருடைய விலை நான்கு வருஷத்துக்கு 140 மில்லியன்! அப்படியென்றால் முதல் நான்கு வருஷம் அவர் எவ்வளவு மலிவாக உழைத்திருக்கிறார் பாருங்கள்.

ஜெஃபர்சனுக்காவது 25 வயதுக்குள் கிடைத்துவிட்டது. நடுத்தர ரிசீவர்களின் கதி? கால் நன்றாக இருக்கும் வருஷங்களில் மலிவுச் சம்பளம். சந்தைக்கு வரும்போது வயது 26, 27. ஒரு ஒப்பந்தம் முடிந்து அடுத்த முறை வந்தால் "முப்பது ஆச்சே" என்ற பேச்சு. ஆக, முப்பது வயதில் அவன் கேட்கும் பெரிய சம்பளம் பேராசை இல்லை, பழைய பாக்கி. ஆனால் கடன்பட்டது ஒரு அணி, அதை அடைக்கச் சொல்வது வேறு அணியிடம். எந்த அணி சம்மதிக்கும்?

என்னைக் கேட்டால், முதல் ஒப்பந்தத்தை 3 வருஷமாகக் குறைக்க வேண்டும். இளமையின் விலை இளமையிலேயே கைக்கு வந்துவிட்டால், முப்பதில் யாரும் கடந்த காலத்துக்கு விலை கேட்க மாட்டார்கள், எந்த அணியும் அதைக் கொடுத்து ஏமாறாது.

அதுவரை அணிகளுக்கு என் யோசனை. முப்பது தாண்டியவரை வாங்குங்கள், தாராளமாக. ஒன்று அல்லது இரண்டு வருஷத்துக்கு மட்டும். அவர் எடுத்த யார்டை எண்ணுவதற்கு முன்னால், கடைசி இரண்டு சீசனில் தவறவிட்ட ஆட்டங்களை எண்ணுங்கள். ஆள் காலை நம்பி ஆடுகிறாரா, கையையும் கணக்கையும் நம்பி ஆடுகிறாரா என்று பாருங்கள். "அவர் யார் தெரியுமா" என்று ஏஜென்ட் ஆரம்பித்தால், "தெரியும், அடுத்த வருஷம் யாராக இருப்பார்?" என்று திருப்பிக் கேளுங்கள்.