விட்டுட்டுப் போயிடுமாம் கப்பல்

மயாமியில் ஏறினாலும் சரி, கால்வெஸ்டனில் ஏறினாலும் சரி, கரீபியன் க்ரூஸுக்குக் கிளம்பும் நம்மவர்கள் ஓர் உபதேசத்தையும் பெட்டியோடு கட்டிக்கொண்டுதான் கிளம்புகிறார்கள். "எக்ஸ்கர்ஷன் எல்லாத்தையும் கப்பல்லயே வாங்கிடுங்க. வெளியில வாங்கி லேட்டாச்சுன்னா கப்பல் விட்டுட்டுப் போயிடும்." சொன்னவர் போன வருஷம் போய்வந்தவர். அவருக்குச் சொன்னவர் அதற்கு முந்தின வருஷம் போய்வந்தவர். டாலஸில் வேலை பார்க்கும் மகன், சென்னையிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவையும் சேர்த்து, எல்லாத் தீவுகளுக்கும் கப்பல் கணக்கிலேயே புக் செய்துவிடுகிறான். அப்பா விலையைப் பார்த்து முனகினால், "எதுக்குப்பா ரிஸ்க்?" என்கிறான். அதற்கு மேல் பேச்சில்லை.

இந்த உபதேசத்தில் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதியை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடலாம். கப்பல் விற்ற சுற்றுலா தாமதமானால் கப்பல் காத்திருக்கும். காத்திருக்க முடியாமல் போனால் அடுத்த துறைமுகத்துக்குத் தன் செலவில் கொண்டுபோய்ச் சேர்க்கும். தனியாகப் போனவர்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. 2024 மார்ச்சில் ஆப்பிரிக்கத் தீவான சாவோ டோமேயில் தனியார் சுற்றுலா போய்த் தாமதமாகத் திரும்பிய 8 பேரைக் கப்பல் விட்டுவிட்டுப் போனது. அவர்கள் நாடு நாடாக விமானம் மாறித் துரத்தி, கடைசியில் செனகலின் டாக்கரில்தான் கப்பலைப் பிடித்தார்கள். அந்தச் செய்தி உலகத்தையே சுற்றியது. அதனால் யாருக்கு விற்பனை கூடியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

மீதிப் பாதிதான் என் வழக்கு. கப்பல் தரும் வாக்குறுதி கடிகாரத்தைப் பற்றியது மட்டுமே. நம் ஆட்கள் அதை நீட்டி, 'கப்பல் விற்பது பாதுகாப்பானது', 'கப்பல் விற்பது தரமானது', 'கப்பலை விட்டால் வழியில்லை' என்று மூன்று சேர்த்துவிட்டார்கள். மூன்றுக்கும் கப்பல் கம்பெனி பொறுப்பேற்பதில்லை. பயணச் சீட்டு ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். யாரும் படிப்பதில்லை என்பது வேறு விஷயம். கரையில் வண்டி ஓட்டுபவர், படகு விடுபவர், வழிகாட்டி எல்லோரும் சுயேச்சையான ஒப்பந்ததாரர்கள், அவர்கள் செய்கைக்குக் கம்பெனி பொறுப்பல்ல என்று கறாராக எழுதியிருக்கும். கப்பல் விற்கும் சுற்றுலாவை நடத்துபவரும் அதே தீவுக்காரர்தான். அதே வேன், அதே ஓட்டுநர். நடுவில் கப்பலின் கவுன்ட்டர் ஒன்று வந்து உட்கார்ந்திருக்கிறது.

பாதுகாப்பு என்கிறவர்களுக்கு ஓர் இடத்தை மட்டும் நினைவூட்டுகிறேன். அது கரீபியனில் இல்லை. ஆனால் வியாபார முறை ஒன்றேதான். 2019 டிசம்பர் 9 அன்று நியூசிலாந்தின் வக்காரி எரிமலைத் தீவு வெடித்தபோது அங்கே 47 பேர் இருந்தார்கள். அவர்களில் 38 பேர் ஒரே சொகுசுக் கப்பலிலிருந்து, கப்பல் விற்ற சுற்றுலாவில் வந்தவர்கள். மொத்தம் 22 பேர் இறந்தார்கள். எங்கே போகிறோம், அங்கே என்ன ஆபத்து என்று விசாரிக்க வேண்டிய வேலையைக் கப்பல் செய்துவிட்டது என்று நம்பித்தான் அவர்களும் பணம் கட்டியிருப்பார்கள்.

சரி, கடிகாரத்துக்கே வருவோம். கப்பலைத் தவறவிடுவது எப்படி நடக்கிறது? டாக்ஸிக்காரர் நடுக்காட்டில் இறக்கிவிட்டதால் என்று நாம் கற்பனை செய்கிறோம். உண்மையான காரணம் பல சமயம் சட்டைப்பையில் இருக்கிறது. மெக்சிகோவின் கோசுமெல் தீவை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தத் தீவு இருக்கும் மாநிலம் 2015 முதல் ஆண்டு முழுக்க ஒரே நேரத்தில் இருக்கிறது. கோடையில் கடிகாரத்தை மாற்றுவதில்லை. மயாமி மாற்றுகிறது. ஆகவே கோடையில் கோசுமெல் ஒரு மணி நேரம் பின்தங்கியிருக்கும். கப்பல் மயாமி நேரத்திலேயே ஓடினால், கரை இறங்கிய உங்கள் கைபேசி தன்பாட்டுக்கு உள்ளூர் நேரத்துக்கு மாறிக்கொள்ளும். கைபேசியில் மூன்று மணி, கப்பலில் நான்கு. நாலரைக்குக் கதவை மூடுகிறார்கள். இதற்குப் பரிகாரம் 100 டாலர் சுற்றுலா இல்லை. கப்பலை விட்டு இறங்கும் முன் கப்பல் நேரம் காட்டும் சாதாரணக் கைக்கடிகாரம் ஒன்றைக் கட்டிக்கொண்டால் முடிந்தது.

இன்னும் இரண்டு காரியம். அறைக்கு வரும் தினசரித் தாளில் அந்தத் துறைமுகத்தின் ஏஜென்ட் தொலைபேசி எண் அச்சாகியிருக்கும். படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட்டைப் பையில் எடுத்துக்கொண்டு இறங்குங்கள். அமெரிக்கக் குடிமக்களைப் போல இந்தியப் பாஸ்போர்ட்காரர் பிறப்புச் சான்றிதழைக் காட்டிச் சமாளிக்க முடியாது. பாஸ்போர்ட் கப்பலில், ஆள் கரையில் என்றால்தான் உண்மையான சிக்கல்.

இனி, பயத்துக்குக் கொடுக்கும் விலையில் என்ன கிடைக்கிறது என்று பார்க்கலாம். காலை ஏழரைக்குக் கப்பல் தியேட்டரில் கூடச் சொல்வார்கள். சட்டையில் ஒரு எண் ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். கல்யாண மண்டபத்தில் இரண்டாம் பந்திக்குக் காத்திருப்பதுபோல உங்கள் எண் கூப்பிடும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும். பிறகு, எண் பலகையைத் தூக்கிப் பிடித்த பெண்ணின் பின்னால் நாற்பது பேர் வரிசை. பேருந்தில் கடைசி ஆள் ஏறும்வரை ஏசிக்குக் கீழே காத்திருப்பு. யாரோ ஒருவர் கழிப்பறைக்குப் போயிருப்பார். 'தீவின் சிறந்த இடங்கள்' என்று பெயர் வைத்த சுற்றுலா என்றால், காட்சி முனை ஒன்றில் பத்து நிமிடம், கோட்டையில் இருபது நிமிடம், நினைவுப் பொருள் கடையில் நாற்பது நிமிடம். அந்தக் கடையும் தற்செயலாக வந்ததில்லை. கப்பலில் 'ஷாப்பிங் ஆலோசனை' என்று மேடை போட்டுப் பேசும்போது சிபாரிசு செய்யப்படும் வைரக் கடைகள், கைக்கடிகாரக் கடைகளெல்லாம் விளம்பரத்துக்குப் பணம் கட்டியவை. அதைப் பொடி எழுத்தில் அவர்களே போட்டிருப்பார்கள்.

இப்போது குராசாவோவின் வில்லம்ஸ்டட்டில் கப்பலை விட்டு இறங்கி, எந்தச் சுற்றுலாவும் வாங்காமல் நடந்து பாருங்கள். சிறிது தூரத்தில் ராணி எம்மா பாலம் வரும். 1888இல் போட்டது, மிதவைகளின் மேல் நிற்கும் மரப்பாலம். துறைமுகத்துக்குள் கப்பல் வருகிறது என்றால் மணி அடிக்கும். பாலம் ஒரு கதவைப் போல மொத்தமாக ஒரு பக்கம் விலகிக் கரையோரம் ஒதுங்கும். பாலத்தின் மேல் மாட்டிக்கொண்டவர்கள் பாலத்தோடு சேர்ந்து நகர்ந்தபடி கைப்பிடியில் சாய்ந்து வேடிக்கை பார்ப்பார்கள். அக்கரை போக அவசரம் உள்ளவர்களுக்கு இலவசப் படகு உண்டு. அந்தப் பக்கம் மஞ்சளும் நீலமுமாக டச்சுக்காரர் கட்டிய வீடுகளின் வரிசை. உள்ளே தெருவில், தரையெல்லாம் மணல் பரப்பிய 1732ஆம் ஆண்டின் யூதக் கோயில். 1997 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கும் நகரம் இது. கப்பலின் விற்பனைப் பட்டியலில் இந்த நடையும் ஒரு பொருளாக இருக்கும்: 'வழிகாட்டியுடன் நகர் நடை', தலைக்கு இத்தனை டாலர்.

கிரெனடா இன்னும் வேடிக்கை. செயின்ட் ஜார்ஜஸில் கப்பல் முனையத்துக்குப் பக்கத்திலேயே மினிபஸ் நிலையம். கண்ணாடியில் 1 என்று எழுதிய வேனில் ஏறினால் கால்மணி நேரத்தில் கிராண்ட் ஆன்ஸ் கடற்கரை. கட்டணம் ஒரு அமெரிக்க டாலருக்குக் கொஞ்சம் முன்னே பின்னே. பாட்டுச் சத்தம் காதைப் பிளக்கும். மூன்று பேர் இருக்கையில் நான்கு பேர் இடிபட்டு உட்கார வேண்டியிருக்கும். நமக்குப் பழகாததா? இறங்கும் இடம் வந்தால் வேனின் கூரையைத் தட்ட வேண்டும். இதே கடற்கரைக்கு 'பீச் பிரேக்' என்று பெயர் சூட்டிக் கப்பல் விற்பதை 50, 60 டாலர் கொடுத்து வாங்கி, ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு போகிறார்கள். மணலும் ஒன்று, தண்ணீரும் ஒன்று.

பார்படாஸிலும் கதை இதுதான். கடற்கரைகள் எல்லோருக்கும் பொது. பிரிட்ஜ்டவுனை ஒட்டிய கார்லைல் விரிகுடாவில் ஆழமில்லாத தண்ணீருக்குள் பழைய கப்பல்கள் மூழ்கிக் கிடக்கின்றன, ஆமைகள் மேய்கின்றன. நீச்சல் முகமூடி ஒன்று வாடகைக்கு எடுத்தால் போதும். செயின்ட் தாமஸில் டாக்ஸிக் கட்டணத்தை அரசே ஆளுக்கு இவ்வளவு என்று நிர்ணயித்திருக்கிறது. பேரம் பேசத் தெரியாது என்று பயப்படவும் வழியில்லை. சான் ஹுவானில் துறைமுகத்தை விட்டு வெளியே வந்தாலே பழைய நகரம்.

அப்படியானால் கப்பலிடம் எதையுமே வாங்கக் கூடாதா? அப்படியில்லை. அளவுகோல் தூரமும் தண்ணீரும். பெலீஸ் நகரில் கப்பல் கரைக்கு வர முடியாது. கடலில் வெகுதூரம் தள்ளி நின்று டெண்டர் படகில் இறக்குவார்கள். அங்கிருந்து உள்நாட்டுக் குகை ஆறுகளுக்குப் போவதென்றால் கப்பல் வழியாகவே போங்கள். படகு வரிசையில் முன்னுரிமையும் கிடைக்கும். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு, சக்கர நாற்காலி ஏற்றும் வசதியுள்ள வண்டி உறுதியாக வேண்டும் என்றால் கப்பலே ஏற்பாடு செய்யட்டும். கோசுமெலிலிருந்து சிச்சென் இட்சா? ஃபெர்ரியில் முக்கால் மணி, பிறகு பேருந்தில் இரண்டரை மணி, திரும்பவும் அதே கணக்கு. இதைக் கப்பலிடம் வாங்குவதுதான் புத்திசாலித்தனம். வாங்காமலே இருப்பது அதைவிட. மாயன் இடிபாடு பார்த்தே தீரவேண்டும் என்றால் கோசுமெல் தீவுக்குள்ளேயே சான் ஹெர்வாசியோ இருக்கிறது. சிறியதுதான். ஆனால் பார்க்க நேரம் இருக்கும்.

நல்ல தனியார் நடத்துநர்களுக்கும் கப்பலின் நேரம் நமக்குத் தெரிவதைவிட நன்றாகவே தெரியும். ஒரு குழு கப்பலைத் தவறவிட்டால் அவர்கள் பிழைப்பு அன்றோடு சரி. கப்பல் வராவிட்டால் பணம் வாபஸ் என்று பலர் எழுதியே கொடுக்கிறார்கள். கப்பல் வழியாகக் கட்டும் பணத்தில் எவ்வளவு அவர்கள் கைக்குப் போகிறது என்பதைக் கப்பல் கம்பெனி பட்டியல் போட்டுச் சொல்வதில்லை. வண்டி ஓட்டுபவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் பாதிகூட வருவதில்லை என்று புலம்புவார்கள்.

இந்தப் பயம் வளர்ந்தால் எங்கே போய் நிற்கும் என்பதற்கு ஊகம் தேவையில்லை. 1977இல் ஒரு கப்பல் கம்பெனி பகாமாஸில் கிரேட் ஸ்டிரப் கே என்ற குட்டித் தீவைத் தனக்கென்று வாங்கியது. 1986 முதல் இன்னொரு கம்பெனி ஹெய்தியில் லபாதீ என்ற முனையைக் குத்தகைக்கு எடுத்து, வேலி போட்டு, ஹெய்திக்காரர்களையே அனுமதி பெற்று உள்ளே வரவைத்தது. 2025 ஜூலையில் கிராண்ட் பகாமாவில் செலிப்ரேஷன் கீ திறந்தது. வேறொரு கம்பெனியின் சொந்தத் துறைமுகம், சொந்தக் கடற்கரை, சொந்தக் கடை. 'வெளியே போகாதீர்கள்' என்று பயணிகளுக்கு ஐம்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தால், வெளியே என்ற ஒன்றே இல்லாத துறைமுகத்தைக் கட்டுவதுதான் அடுத்த வேலை. ஜமைக்காவின் ஃபால்மத் துறைமுகம் 2011இல் திறந்தபோது மதிலுக்கு உள்ளே கடைகள், வெளியே ஜமைக்கா. பழைய ஜார்ஜியன் பாணிக் கட்டடங்கள் நிற்கும் ஊர் அது. உள்ளேயே டீ ஷர்ட் வாங்கிக்கொண்டு கப்பலேறிவிட்டு, 'ஜமைக்கா பாத்தாச்சு' என்பவர்கள் நிறையப் பேர்.

பிரெஞ்சுத் தீவான குவாதலூப்பைப் பற்றியும் தமிழ் வாசகர்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அதன் துறைமுகமான புவாந்தபீத்ரில் நிற்கும் கப்பல்கள் விற்கும் சுற்றுலாக்களில் கார்பே அருவி பெயர் போனது. அந்த அருவி கபெஸ்தேர் என்ற ஊரின் எல்லைக்குள் இருக்கிறது. 1854 முதல் பாண்டிச்சேரி, காரைக்கால் துறைமுகங்கள் வழியாகக் கரும்புத் தோட்டத்துக்குக் கூலிகளாகக் கொண்டுவரப்பட்ட தமிழர்களின் வம்சத்தார் இன்றும் வாழும் ஊர். அவர்களுக்கு வாக்குரிமை கேட்டு 1904 தொடங்கி 1923 வரை வழக்காடி வென்ற ஆன்ரி சிதம்பரம் பிறந்த ஊரும் அதுதான். அங்கே சாங்ஷி என்ற இடத்தில், கோபுரத்தில் வண்ணச் சிலைகளோடு ஒரு மாரியம்மன் கோயில் இருக்கிறது. அவர்கள் வாயில் அவள் மாலியேமன். துறைமுகத்திலிருந்து 30 கிலோமீட்டர் இருக்கும். டாக்ஸி மலிவில்லை, ஓட்டுநர் பிரெஞ்சுதான் பேசுவார், யூரோ வேண்டும். இதெல்லாம் தொந்தரவுதான். ஆனால் நாற்பது பேர் உட்கார்ந்த கப்பல் பேருந்தில், அருவிக்குப் போகிற அவசரத்தில், "கொஞ்சம் நிறுத்துங்க, கும்பிட்டுட்டு வந்துடறேன்" என்று அம்மா கேட்க முடியாது. நான்கு பேர் சேர்ந்து பிடித்த டாக்ஸியில் கேட்கலாம்.