கரை மேலே ஒரு சைக்கிள்

சைக்கிள் என்றால் ஒரே ரகம்தான் உண்டு என்று எல்லோரும் நம்பிய காலம் ஒன்று இருந்தது. பின்னால் கேரியர், முன்னால் டைனமோ விளக்கு, நடுவிலே பார். கேரியரில் அரிசி மூட்டை வரும். பாரில் குழந்தை வரும். 1949ல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள் கம்பெனி அம்பத்தூரில் செய்து அனுப்பிய ஹெர்குலிஸ் வண்டிகள், தார் ரோடு, வண்டிப் பாட்டை, ஏரிக்கரை என்று வித்தியாசம் பாராட்டாமல் ஊர் ஊராக ஓடின.

இப்போது ரோட்டுக்கு ஒரு சைக்கிள், மலைக்கு ஒரு சைக்கிள் என்று பிரித்துவிட்டார்கள். இரண்டுக்கும் நடுவே புதிதாக ஒன்று வந்திருக்கிறது. அதற்குக் 'கிராவல் சைக்கிள்' என்று பெயர். அதாவது, சரளைப் பாதையில் ஓடுவதற்கென்றே பிறந்த வண்டி. பார்வைக்குப் பந்தய சைக்கிள் போலத்தான் இருக்கும். கைப்பிடி ஆட்டுக்கடாவின் கொம்பு மாதிரி வளைந்திருக்கும். ஆனால் டயர் மட்டும் 35 முதல் 45 மில்லிமீட்டர் வரை அகலம். காற்றையும் சற்றுக் குறைத்தே அடிப்பார்கள். அப்போதுதான் டயர் கல்லின் மேல் துள்ளாமல் தழுவிக்கொண்டு போகும். ஓட்டுகிறவரின் முதுகெலும்பும் பிழைக்கும்.

இந்த விஞ்ஞானத்தை நம் ஊர்ப் பால்காரர்கள் எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள் என்பது வேறு விஷயம். ஆனால் அவர்கள் அதற்குப் பந்தயம் வைக்கவில்லை! அமெரிக்காவில் கான்ஸஸ் மாகாணத்து எம்போரியா என்ற சிற்றூரில் 2006ல் முப்பத்துச் சொச்சம் பேர் 200 மைல் சரளைப் பாதையில் பந்தயம் விட்டார்கள். 2022ல் இத்தாலியில் உலக சாம்பியன் போட்டியே நடந்துவிட்டது.

எங்கள் கே.கே. நகரிலும் ஓர் இளைஞர் இந்த வண்டியை வாங்கிவிட்டார். விலையைக் கேட்ட அவருடைய தகப்பனார், "இதிலே மோட்டார் எங்கேப்பா இருக்கு?" என்று தேடினாராம்.

"வாங்கிட்டேன் சார். எங்கே ஓட்டறதுன்னுதான் தெரியலை" என்றார் இளைஞர். "வெளிநாட்டிலே கால்வாய்க் கரையிலே மைல் கணக்கா பாதை இருக்கு. ஒரு கார் கிடையாது, ஹாரன் கிடையாது. நமக்கு ஏது அந்தக் கொடுப்பினை?"

கொடுப்பினை இல்லாமல் என்ன, தம்பி? இருந்ததைத் தொலைத்தோம். அந்தக் கதையைக் கொஞ்சம் சொல்கிறேன், கேளுங்கள்.

கால்வாய்க் கரைப் பாதைகளை உல்லாசத்துக்காக யாரும் போடவில்லை. காற்று இருந்தால் படகுக்குப் பாய் விரிக்கலாம். ஆழம் குறைவாக இருந்தால் கழி ஊன்றலாம். இரண்டும் உதவாத இடத்தில் என்ன செய்வது? படகில் கயிற்றைக் கட்டி, கரையில் நடந்தபடி இழுக்க வேண்டியதுதான். மேல் நாட்டில் குதிரை இழுத்தது. நம் பக்கிங்ஹாம் கால்வாயில் மனிதர்களே இழுத்தார்கள்.

1806ல் சென்னைக்கு வடக்கே எண்ணூரை நோக்கித் தொடங்கிய கால்வாய் அது. படிப்படியாக நீண்டு, ஆந்திரத்துப் பெத்த கஞ்சாமிலிருந்து நம் மரக்காணம் வரை ஏறக்குறைய 420 கிலோமீட்டர் ஆயிற்று. 'தாது வருஷப் பஞ்சம்' என்று பாட்டிமார் சொல்வார்களே, அந்த 1876-78 பஞ்சத்தின்போது, கூவத்தையும் அடையாற்றையும் இணைத்து நகரத்துக்குள் சுமார் 8 கிலோமீட்டர் வெட்டினார்கள். வெட்டியவர்கள் நிவாரணக் கூலிக்கு வந்த பசித்த ஜனங்கள். பெயர் மட்டும் அப்போது கவர்னராக இருந்த பக்கிங்ஹாம் பிரபுவுக்குப் போயிற்று!

அந்தக் கால்வாயில் உப்பும் விறகும் நெல்லும் சென்னைக்கு வந்தன. மயிலாப்பூரில் காய்கறி இறங்கிய இடத்துக்குத் தண்ணித்துறை மார்க்கெட் என்ற பெயர் இன்றும் வழங்குகிறது. 1930களில் பாரதிதாசன் நண்பர்களோடு இதே கால்வாயில் படகேறி மாமல்லபுரம் போனார்; 'மாவலிபுரச் செலவு' என்ற கவிதை பிறந்தது.

பிறகு லாரி வந்தது, படகு நின்றது. படகு நின்றதும் கரையில் நடப்பவர்கள் நின்றார்கள். ஆள் நடமாட்டம் இல்லாத கரை குப்பை கொட்டுவதற்கு எத்தனை சௌகரியம்! சாக்கடையைத் திருப்பிவிட அதைவிட சௌகரியம். 1995ல் முதல் பகுதி திறக்கப்பட்ட பறக்கும் ரயிலுக்குத் தூண்களைக் கால்வாயிலேயே இறக்கியபோது, பெரும்பாலான ஜனங்களுக்கு அது கால்வாய் என்ற ஞாபகமே இல்லை. 2008ல் அதைத் தேசிய நீர்வழியில் ஒரு பகுதியாகச் சேர்த்தார்கள். பட்டம் வந்தது, மயிலாப்பூருக்குப் படகு வரவில்லை.

இதே கதி அமெரிக்காவில் ஒரு கால்வாய்க்கும் நேர இருந்தது. வாஷிங்டன் நகரிலிருந்து போடோமாக் நதியை ஒட்டிப் போகும் பழைய கால்வாய் அது. 1924ல் வெள்ளத்தில் உடைந்து, படகுகள் நின்று, பாழாய்க் கிடந்தது. அதன் மேல் மோட்டார் ரோடு போடலாம் என்று 1954 ஜனவரியில் 'வாஷிங்டன் போஸ்ட்' பத்திரிகை தலையங்கம் எழுதியது. சுப்ரீம் கோர்ட் நீதிபதி வில்லியம் டக்ளஸ் சும்மா இருக்கவில்லை. "என்னோடு கரையில் நடந்து பார்த்துவிட்டு எழுதுங்கள்" என்று ஆசிரியருக்கு அழைப்பு விடுத்தார். பத்திரிகைக்காரர்களும் வந்தார்கள். சுமார் 300 கிலோமீட்டர், 8 நாள் நடை. முழுத் தூரமும் நடந்து முடித்தவர்கள் நீதிபதியோடு சேர்த்து 9 பேர்தான். ஆனால் பத்திரிகை தன் கருத்தை மாற்றிக்கொண்டது. 1971ல் அந்தக் கால்வாய் தேசியப் பூங்காவாயிற்று. இன்று அந்தக் கரையில்தான் கிராவல் சைக்கிள்காரர்கள் ஆனந்தமாகப் போகிறார்கள்.

ஒன்பது ஜோடிக் கால்கள் ஒரு கால்வாயைக் காப்பாற்றியிருக்கின்றன!

நம் நாட்டிலும் உயிருள்ள கரைகள் இல்லாமலில்லை. தஞ்சாவூருக்குப் போய்ப் பாருங்கள். மேட்டூர் அணை கட்டி முடிந்த 1934ல் தண்ணீர் விடப்பட்ட கல்லணைக் கால்வாய் ஊர் நடுவே ஓடுகிறது. தஞ்சாவூர்க்காரர்களுக்கு அது 'புதாறு'. தொண்ணூறு வயதான பின்னும் புது ஆறுதான்! சுமார் 148 கிலோமீட்டர் ஓடி, இரண்டு லட்சம் ஏக்கருக்கு மேல் பாய்கிறது. கரையில் பாதை இருப்பது, உடைப்பு இருக்கிறதா என்று லஸ்கர்கள் பார்த்துக்கொண்டு போவதற்காக. அதே பாதையில் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் புல்லுக்கட்டுக்காரர்களும் போகிறார்கள். அத்தனை கண்கள் பார்த்துக்கொண்டிருப்பதால் அது இன்னும் ஆறாக இருக்கிறது. வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: விடிந்தும் விடியாத நேரத்தில் கிளம்புங்கள், ஒரு டியூபும் கைப்பம்பும் எடுத்துக்கொள்ளுங்கள், மழை நாளில் கரை ஏறாதீர்கள்.

தஞ்சாவூர் தூரம் என்றால், கே.கே. நகருக்குப் பக்கத்திலேயே ஓர் ஆறு இருக்கிறது. அசோக் தூணிலிருந்து நூறடி ரோடில் தெற்கே போனால் காசி தியேட்டர், அதைத் தாண்டினால் பாலம், கீழே அடையாறு. ஆதனூர்ப் பக்கத்து ஏரிகளின் உபரி நீரில் பிறந்து, சுமார் 42 கிலோமீட்டர் ஓடிக் கடலில் சேருகிறது. பாலத்தில் தினமும் போகிறவர்களில் எத்தனை பேர் தலையைத் திருப்பிப் பார்க்கிறார்கள்?

நாம் போய்ப் பார்க்காத ஆறு, 2015 டிசம்பர் 1ந் தேதி இரவு தானே வந்து நம்மைப் பார்த்தது. செம்பரம்பாக்கத்திலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி திறந்துவிட்டார்கள். அதோடு ஊர் மழையும் வழியிலுள்ள ஏரிகளின் வெள்ளமும் சேர்ந்துகொண்டன. ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் எல்லாம் மூழ்கின. அதற்குப் பிறகு கரையோரக் குடும்பங்கள் பலவற்றைப் பெரும்பாக்கத்துக்குக் குடியேற்றினார்கள். ஆறு எந்த மாதம் எந்தப் படிக்கு ஏறும் என்று கண்ணால் அளந்து வைத்திருந்தவர்கள் அவர்கள்தான். அவர்கள் போன பிறகு யார் பார்ப்பது?

அடையாற்றங்கரை முழுவதும் சைக்கிளில் போய்விடலாம் என்று நான் ஆசை காட்டவில்லை. இங்கே கொஞ்சம் கரை, அங்கே ஒரு சுவர், நடுவே குப்பை மேடு. போக முடிந்த வரையில் போகலாம். முடியாத இடத்தில் இறங்கித் தள்ளலாம். கரை எங்கே கரைந்திருக்கிறது, ராத்திரியில் எந்த லாரி எதைக் கொட்டிவிட்டுப் போயிருக்கிறது என்று பார்த்து வந்து நாலு பேரிடம் சொல்லலாம். கார்ப்பொரேஷனுக்கும் ஒரு மனு எழுதிப் போடலாம். வாரத்துக்கு ஒரு தரம் ஒருவர் போனாலும் அந்த இடத்தில் கொட்டுகிறவனுக்குக் கை கொஞ்சம் கூசும்.

இதற்கு லட்ச ரூபாய் வண்டிதான் வேண்டும் என்பதில்லை. மாடிப்படிக்கு அடியில் தூசி படிந்து கிடக்கிறதே, அந்தப் பழைய ஹெர்குலிஸ், அதுவே போதும். டயரில் காற்று குறைவாக இருந்தாலும் பாதகமில்லை. இப்போது அதுதானே நாகரிகம்!