ஒப்புதல் தருக, இல்லையேல் எழுத்தில் மறுக்க: உதவி பெறும் பள்ளி ஆசிரியர்களின் கோரிக்கை மனு

அனுப்புநர்: செயலாளர், அரசு உதவி பெறும் தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் சங்கம்

பெறுநர்: மாவட்டக் கல்வி அலுவலர் (தொடக்கக் கல்வி) அவர்கள்

பொருள்: தொடக்கக் கல்வி – அரசு உதவி பெறும் சிறுபான்மைப் பள்ளிகள் – அனுமதிக்கப்பட்ட காலிப் பணியிடங்களில் நியமிக்கப்பட்ட ஆசிரியர்கள் – நியமன ஒப்புதலும் ஊதியமும் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1) இதே பொருளில் சங்கம் அளித்த முந்தைய மனுக்கள். 2) அவற்றுக்குத் தங்கள் அலுவலகத்தின் பதில்: இல்லை.

மதிப்பிற்குரிய ஐயா,

இம்மாவட்டத்தின் உதவி பெறும் தொடக்க, நடுநிலைப் பள்ளி ஆசிரியர்கள் எங்கள் சங்கத்தின் உறுப்பினர்கள்.

முந்தைய மனுக்கள் கோப்பில் எங்கே இருக்கின்றன என்று தெரியாததால் அவற்றில் சொன்னதைத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. முதல் மனுவில், ஒப்புதல் கோரும் கருத்துருக்கள் நிலுவையில் உள்ளதைத் தெரிவித்து விரைந்து ஆணை வழங்கக் கேட்டிருந்தோம். அடுத்த மனுவில் பள்ளிவாரியாகப் பட்டியல் இணைத்தோம். கருத்துருக்கள் வட்டாரக் கல்வி அலுவலகத்துக்குத் திரும்பின. காரணம், பணிப்பதிவேட்டு நகலில் தாளாளரின் முத்திரை தெளிவாக இல்லை. முத்திரையைத் தெளிவாக வைத்து அனுப்பினோம். பிறகு அடிப்படைப் பணியிடப் பட்டியல் கேட்டார்கள். அது இதே துறை தயாரித்துப் பள்ளிக்கு வழங்கிய ஆவணம். அதையும் நகலெடுத்துக் கொடுத்தோம். அதன் பின் கேள்வியும் வரவில்லை, ஆணையும் வரவில்லை.

கோரிக்கை 1. ஆண்டுதோறும் ஆகஸ்ட் 1 அன்றுள்ள மாணவர் எண்ணிக்கையைக் கொண்டு பணியிடங்களை நிர்ணயம் செய்வது துறைதான். இந்தப் பள்ளிக்கு இரண்டு இடைநிலை ஆசிரியர் என்று ஆணையிடுவதும் துறைதான். இருவரில் ஒருவர் வயது முதிர்வில் ஓய்வு பெறுகிறார். அந்த இடத்தில் உரிய கல்வித் தகுதியுள்ள ஒருவரைத் தாளாளர் நியமிக்கிறார். மறுநாளே அவர் வகுப்பெடுக்கத் தொடங்கிவிடுகிறார். எமிஸ் இணையதளத்தில் மாணவர் வருகையைப் பதிகிறார், தேர்வு நடத்துகிறார், வாக்காளர் பட்டியல் வேலைக்குக்கூட அனுப்பப்படுகிறார். ஊதியப் பட்டியலில் மட்டும் அவர் பெயர் இல்லை.

நிர்வாகம் கையில் கொடுப்பதைச் சம்பளம் என்று சொல்ல எங்களுக்கு நா எழவில்லை. அதுவும் சில பள்ளிகளில் பெற்றோர் சேர்ந்து திரட்டும் பணம். இப்படியே ஆண்டுகள் கழிகின்றன. ஒப்புதல் இல்லாததால் ஊதிய உயர்வு, மகப்பேறு விடுப்புச் சம்பளம், வங்கிக் கடன் எதுவும் இல்லை. வேறு வேலைக்கு விண்ணப்பிக்கும் வயதும் தாண்டிப்போகிறது. கடைசியில் ஒப்புதல் வந்தாலும் பணியேற்ற நாளிலிருந்து வராமல் ஆணை பிறப்பித்த நாளிலிருந்து வருமானால், இடைப்பட்ட காலம் முழுவதும் அந்த ஆசிரியர் யாரிடம் வேலை பார்த்தார் என்பதை அலுவலகம்தான் விளக்க வேண்டும்.

தாமதத்துக்கு வாய்மொழியாகச் சொல்லப்படும் காரணம் ஆசிரியர் தகுதித் தேர்வு. அஞ்சுமன் இஷாத்-இ-தாலீம் அறக்கட்டளை வழக்கில் 1.9.2025 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது, தகுதித் தேர்வு எல்லாருக்கும் கட்டாயம், எனவே கோப்பு நகராது என்கிறார்கள். தீர்ப்பை முழுமையாகப் படித்தால் இந்தக் காரணம் நிற்காது. சிறுபான்மைப் பள்ளிகளைக் கல்வி உரிமைச் சட்டத்திலிருந்து விலக்கிய 2014ஆம் ஆண்டு பிரமதி தீர்ப்பு சரிதானா என்ற ஐயத்தை எழுப்பிய நீதிபதிகள், அதைப் பெரிய அமர்வுக்கு அனுப்புவது குறித்து முடிவெடுக்கத் தலைமை நீதிபதியின் முன் வைத்தார்கள். அந்தக் கேள்விக்கு விடை வரும்வரை, சிறுபான்மையினர் நிறுவி நடத்தும் பள்ளிகள் நீங்கலாக மற்ற எல்லாப் பள்ளிகளுக்கும் அச்சட்டம் பொருந்தும் என்றே சொன்னார்கள். இந்த ‘நீங்கலாக’ என்ற பகுதியைத் தாங்களே ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டுகிறோம். நாளை பெரிய அமர்வு வேறுவிதமாகச் சொன்னால் அன்று அது எங்களையும் கட்டுப்படுத்தும். வராத தீர்ப்பைக் காட்டி, வேலை பார்த்து முடித்த மாதங்களின் ஊதியத்தை நிறுத்திவைக்க எந்த விதி இடம் தருகிறது?

இன்னொரு தீர்ப்பும் எங்களுக்கு எதிராகக் காட்டப்படுகிறது. மானியம் பெறுவது அடிப்படை உரிமை அல்ல, அது அரசின் கொள்கை முடிவு என்று 2021இல் உத்தரப் பிரதேச அரசு தொடர்ந்த மேல்முறையீட்டில் உச்ச நீதிமன்றம் கூறியது. அதை மறுக்கவில்லை. புதிதாக ஒரு பள்ளிக்கு மானியம் கொடுங்கள் என்று நாங்கள் கேட்டால் அந்தத் தீர்ப்பைக் காட்டலாம். கொள்கை முடிவெடுத்து, மானியம் வழங்கி, பணியிடத்தையும் நிர்ணயித்த பிறகு, அந்தப் பணியிடத்தில் இருப்பவருக்கு மட்டும் ஊதியம் மறுப்பது கொள்கை அல்ல. மானியம் வழங்கும்போது ஒரு நிறுவனம் சிறுபான்மை நிர்வாகத்தில் இருக்கிறது என்பதற்காகப் பாகுபாடு காட்டக் கூடாது என்று அரசமைப்புச் சட்டம் 30(2) சொல்கிறது. மற்ற உதவி பெறும் பள்ளிகளின் கருத்துருக்கள் எவ்வளவு காலத்தில் முடிகின்றன, எங்கள் சிறுபான்மைப் பள்ளிகளுடையவை எவ்வளவு காலம் கிடக்கின்றன என்பதைத் தங்கள் அலுவலகப் பதிவேட்டைப் பார்த்தே ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

மதப் பள்ளிக்கு அரசு ஏன் படியளக்க வேண்டும் என்று ஒரு முறை எங்கள் முகத்துக்கு நேரே கேட்கப்பட்டது. கேட்டவர் பெயர் வேண்டாம். கேள்வி நியாயமானது என்பதால் பதில் எழுதுகிறோம். பள்ளி நடத்துவோருக்கு, அவர்கள் எந்த மதத்தவராயினும், மானியம் கொடுத்துக் கல்வியைப் பரப்பும் முறை 1854ஆம் ஆண்டு சார்லஸ் வுட் அறிக்கையிலேயே தொடங்கியது. குழந்தைகள் இருக்கும் இடத்தில் அரசுப் பள்ளி இல்லாதபோது, இருக்கும் பள்ளியை அரசு பயன்படுத்திக்கொண்டது. இன்று இந்தப் பணம் கோயிலுக்கோ தேவாலயத்துக்கோ பள்ளிவாசலுக்கோ போகவில்லை. கருவூலத்திலிருந்து ஆசிரியரின் வங்கிக் கணக்குக்குப் போகிறது. மானியம் பெறும் பள்ளியில் மதத்தையோ சாதியையோ காட்டி ஒரு குழந்தையைச் சேர்க்க மறுக்க முடியாது என்கிறது அரசமைப்புச் சட்டம் 29(2). பெற்றோர் சம்மதமின்றி எந்தக் குழந்தையையும் மத வகுப்பில் உட்கார வைக்க முடியாது என்கிறது 28(3). இவற்றை மீறும் பள்ளி இருந்தால் அதன் மானியத்தை நிறுத்துங்கள், சங்கம் குறுக்கே நிற்காது. எங்கள் வகுப்பறைகளில் எல்லா மதப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். பெரும்பாலோர் கூலி வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகள். அந்தப் பிள்ளைக்கு ஆசிரியர் தருவதா வேண்டாமா என்பதுதான் தங்கள் முன்னுள்ள கோப்பு.

நிர்வாகங்களை உத்தமர்கள் என்று சொல்ல நாங்கள் வரவில்லை. நியமனத்துக்குப் பணம் வாங்கும் தாளாளர்கள் உண்டு என்பது தங்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். பொதுப்பணத்தில் சம்பளம் போகும் இடத்தில் நியமன விளம்பரம், மதிப்பெண் பட்டியல், தேர்வுக் குழுக் குறிப்பு எல்லாம் தணிக்கைக்கு உட்பட்டாக வேண்டும் என்பதே சங்கத்தின் நிலை. இதைச் சொன்னதற்காகச் சில தாளாளர்கள் எங்களுடன் பேசுவதை நிறுத்திவிட்டார்கள். தவறு செய்த தாளாளர் மேல் நடவடிக்கை எடுக்காமல், அவருக்குக் கீழ் வேலை பார்ப்பவரின் ஊதியத்தை நிறுத்துவதால் தாளாளருக்கு ஒரு பைசா நட்டம் இல்லை.

எனவே கேட்பது இதுதான். இணைப்புப் பட்டியலில் உள்ள ஒவ்வொரு கருத்துருவுக்கும், பணியேற்ற நாள் முதல் ஒப்புதல் வழங்கி ஆணையிடுங்கள். இயலாதெனில், எந்த விதியின் கீழ் இயலாது என்று குறிப்பிட்டு மறுப்பு ஆணையாவது வழங்குங்கள். மறுப்பு கையில் இருந்தால் மேல்முறையீட்டுக்கோ உயர் நீதிமன்றத்துக்கோ போகலாம். ‘பரிசீலனையில் உள்ளது’ என்ற வாய்ச்சொல்லை எந்த நீதிமன்றத்திலும் தாக்கல் செய்ய முடியாது.

கோரிக்கை 2. 26.8.2025 முதல் நகர்ப்புற உதவி பெறும் பள்ளிகளுக்கும் விரிவாக்கப்பட்ட முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தில், பொருள் இருப்புக் கணக்கு எழுதும் பணியிலிருந்து தலைமையாசிரியர்களை விடுவிக்க வேண்டும்.

கோரிக்கை 3. மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2020 முதல் வழங்கப்படும் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டை, உதவி பெறும் பள்ளிகளில் பயின்றோருக்கும் நீட்டிக்க அரசுக்குப் பரிந்துரைக்க வேண்டும்.

கோரிக்கை 4. உபரி ஆசிரியர் பணி நிரவலில் அதே ஒன்றியத்துக்குள் உள்ள காலியிடங்களை முதலில் நிரப்ப வேண்டும்.

கோரிக்கை 5. பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தில் உள்ளோருக்கு ஆண்டுக் கணக்குத் தாள் உரிய காலத்தில் வழங்க வேண்டும்.

கோரிக்கை 6. பராமரிப்பு மானியத்தை நிதியாண்டு முடியும் வாரத்தில் விடுவிக்காமல் முன்கூட்டியே விடுவிக்க வேண்டும்.

கோரிக்கை 2 முதல் 6 வரை அலுவலக வசதிப்படி பார்த்துக்கொள்ளலாம். முதல் கோரிக்கைக்கு மட்டும், ந.க. எண் இட்ட பதில் வேண்டும். இம்மனுவைப் பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகையில் முத்திரை தெளிவாக விழும்படி வைத்துத் தர வேண்டுகிறோம்.

தங்கள் உண்மையுள்ள,
செயலாளர்

இணைப்பு: பள்ளிவாரி நிலுவைப் பட்டியல், பணியிட நிர்ணய ஆணை நகல்கள், முந்தைய மனுக்களின் நகல்கள்.
நகல்: தொடக்கக் கல்வி இயக்குநர், சென்னை – தகவலுக்காகவும் நடவடிக்கைக்காகவும்.