கீழாநெல்லியும் நம் சாட்சியமும்

சில ஆண்டுகளுக்கு முன் நமக்கு மஞ்சள் காமாலை கண்டது. போடியில் ஓர் அன்பர் கீழாநெல்லியை வேரோடு அரைத்து மோரில் கலந்து தந்தார். மூன்று வாரத்தில் கண் தெளிந்தது. அந்த மகிழ்ச்சியில் ஞாயிறு மறையுரையிலேயே அதைப் புகழ்ந்தோம்.

கேட்டிருந்தவர்களுள் ஒருவர் ஏலத்தோட்டத் தொழிலாளி. விடியுமுன் ஜீப்பில் போடிமெட்டு ஏறிப் பூப்பாறைக்கு வேலைக்குச் செல்பவர். அவருக்கும் காமாலை கண்டபோது இரண்டு மாதம் சாறு குடித்தார். கையில் சூடும் போட்டுக்கொண்டார். க.விலக்கு அரசு மருத்துவமனைக்குக் கொண்டு சென்றபோது வயிற்றில் நீர் கோத்திருந்தது. ஹெபடைடிஸ் பி கல்லீரலைச் சுருக்கிவிட்டிருந்தது. அடக்கத் திருப்பலியை நாமே நிறைவேற்றினோம்.

நமக்கு வந்ததோ ஹெபடைடிஸ் ஏ. பெரும்பாலும் ஓய்விலேயே தணிவது. மோர் இல்லாமலும் பிழைத்திருப்போம்!

மூலிகையை நாம் பழிக்கவில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன் குழுவினர், கீழாநெல்லி உண்ட ஹெபடைடிஸ் பி நோயாளிகளுள் 59 விழுக்காட்டினரிடம் கிருமியின் அடையாளம் மறைந்ததாக 1988இல் ‘லான்செட்’ இதழில் எழுதினர். பிற நாட்டுச் சோதனைகள் அதை உறுதிப்படுத்தவில்லை. ஆய்வாளரே மீண்டும் சோதிக்கும்போது, ஒற்றை அனுபவத்தை வைத்துக்கொண்டு ‘ஆங்கில மருந்து விஷம், இயற்கை தீங்கு செய்யாது’ என வீடுவீடாக ஓதுவோருக்கு எங்கிருந்து வந்தது இத்துணிவு? அரளி விதையும் இயற்கைதானே! சீராக் நூலின் 38ஆம் அதிகாரத்தை மேற்கோள் காட்டுகிறார்கள். அது மண்ணில் விளையும் மருந்தோடு மருத்துவரையும் மதிக்கச் சொல்வதை ஏனோ விட்டுவிடுகிறார்கள்.

இறந்தவரின் மனைவி மக்களை இரத்தப் பரிசோதனைக்கு நாமே அழைத்துச் சென்றோம். அந்த ஞாயிறு மறையுரையைப்பற்றி அந்த அம்மா ஒரு வார்த்தையும் பேசவில்லை.