ஞாயிறு அரங்கேற்றம்

சென்ற தவணையிலே மாணவர் ஒருவர் தாம் எழுதிய சிறுகதையொன்றை என்னிடம் கொணர்ந்தார். பதினொரு பக்கம். ஓரிரவில் எழுதி முடித்ததாம். "எத்தனை தரம் திருத்தினீர், தம்பி?" என்றேன். "உள்ளத்தில் எழுந்தவாறே எழுதினேன், ஐயா, திருத்த என்ன இருக்கிறது?" என்றார். அவர் முகத்திலே பெருமிதம் இருந்தது. இந்தப் பெருமிதம் அவர் ஒருவருக்கே உரியதன்று. இன்று கதை எழுதுவோர் பலரிடம் காண்கிறேன். திருத்துதல் ஆற்றல் குறைந்தார் செய்யும் வேலை என்றோர் எண்ணம் எங்கிருந்தோ வந்து புகுந்துவிட்டது.

பிரான்சு தேசத்துப் பிளோபேர் என்பாரின் கதையை அவருக்குச் சொன்னேன்.

பிளோபேர் 'மடம் பொவாரி' நாவலை 1851ஆம் ஆண்டு புரட்டாதி அளவிலே தொடங்கினார், முடித்தது 1856இல். அக்காலத்தில் லூயீஸ் கொலே என்னும் பெண்பாற் புலவருக்கு அவர் எழுதிய கடிதங்கள் கிடைத்துள்ளன. இந்தக் கிழமை இத்தனை பக்கம், இந்தப் பந்தி இன்னும் சரிவரவில்லை என்று, கடைக்காரன் கணக்கெழுதுவது போல எழுதுகிறார். சில கிழமைகளிலே கணக்கு மிக இளைத்துவிடும். உழவர் கண்காட்சியைப் பற்றிய ஓர் அத்தியாயம் 1853இன் பிற்பகுதியிற் பெரும்பங்கை விழுங்கியது. மேடையிலே அதிகாரியின் சொற்பொழிவு. கீழே மாடுகளின் கதறல். மேல்மாடியிலே ஒருவன் ஒருத்திக்குக் கூறும் காதன்மொழி. மூன்றும் ஒன்றையொன்று ஊடறுத்துச் செல்லவேண்டும். ஓரிரவிலே அமையத்தக்க காரியமா அது?

எழுதியதை உரத்து வாசிப்பது அவர் வழக்கம். மூச்சுத் திணறும் வாக்கியம் பிழைபட்ட வாக்கியம் என்பது அவர் துணிபு. அடுத்தடுத்து ஒரே சொல் வந்தால் நெஞ்சு பொறுக்காது. நன்னூலார் வகுத்த பத்துக் குற்றங்களுள் கூறியது கூறலும் மிகைபடக் கூறலும் உண்டல்லவா? நன்னூலை அறியாத பிளோபேர் அவ்விரண்டையும் கொலைக் குற்றமாகவே கொண்டார்.

யான் பெரிதும் வியப்பது வேறொன்று. றூவன் நகரிலே இலத்தீன் பாடஞ் சொல்லிப் பிழைத்த லூயீ புயே என்னும் கவிஞர் ஞாயிறு தோறும் அவர் வீட்டுக்கு வருவார். (ஆசிரியர் குலம்! நமக்கு உறவு.) அந்தக் கிழமை எழுதியதைப் பிளோபேர் வாசிப்பார்; புயே ஒளிவுமறைவின்றிக் குற்றங் கூறுவார். இவர் கூற்றின் வன்மையைப் பிளோபேர் முன்னரே அறிவார். 1849இலே வேறொரு நூலை நான்கு நாள் தொடர்ந்து வாசித்துக் காட்டியபோது, அதைத் தீயிலிடுக என்று சொன்ன நண்பர் இருவருள் புயேயும் ஒருவர். அந்நூல் உருமாறி வெளிவந்தது 1874இலேதான். தொல்காப்பியத்தை அதங்கோட்டாசான் கேட்டார் என்று பாயிரம் கூறுகிறது. நூல் முற்றிய பின் நிகழும் அரங்கேற்றம் அது. பிளோபேருக்கு அரங்கேற்றம் கிழமைக்கொன்று.

இங்கே ஒரு தடை எழும். பிளோபேருக்குக் குடும்பச் சொத்து இருந்தது. நம் எழுத்தாளர் பகலெல்லாம் பள்ளிக்கூடத்திலோ கந்தோரிலோ உழைத்து, இரவிலே எஞ்சிய நேரத்தில் எழுதுகின்றனர். உண்மை, மறுக்கமாட்டேன். ஐந்தாண்டு கேட்பது கொடுமை. ஆயினும் புயேயும் பாடஞ் சொல்லிக்கொண்டே கவி எழுதியவர். ஐந்து ஞாயிறும் ஒரு நண்பனும் நம்மிடம் இல்லையா? நண்பனே அரிது என்பீர்களாயின், அதையும் ஒப்புகிறேன். நம் இலக்கிய வட்டங்களிலே பாராட்டுரைக்குப் பஞ்சமில்லை. வெட்டுக என்று சொல்வார்தாம் இல்லை.

அடித்தும் எழுதியும் அவர் விட்டுச்சென்ற அந்நாவலின் தாள்கள் ஏறத்தாழ 4,500 பக்கம், றூவன் நூலகத்திலே உள்ளன. ஒரு வாக்கியம் பல தாள்களிலே மெலிந்து மெலிந்து தன் வடிவை அடைவதை அங்கே காணலாம். இன்று கணினியிலே எழுதுகிறோம். அழித்த சொல் சுவடின்றிப் போகிறது. திருத்தினோமா என்பதை நாமே மறந்துவிடுகிறோம். மாணவர்களைத் தாளிலே எழுதுமாறு யான் வற்புறுத்துவது இதனாலே. பழமைவாதி என்று அவர்கள் சிரிப்பதும் எனக்குத் தெரியும்.

அம் மாணவர் அடுத்த ஞாயிறு எங்கள் விறாந்தைக்கு வந்தார். உரத்து வாசிக்கச் சொன்னேன். முதற்பக்கம் விரைவாகச் சென்றது. இரண்டாம் பக்கத்தின் நடுவிலே நின்றார், மீண்டும் வாசித்தார், மீண்டும் நின்றார். யான் ஒன்றும் சொல்லவில்லை. "ஐயா, பென்சில் இருக்கிறதா?" என்று கேட்டார்.