ரயில் பறக்கிறது, பாட்டி ஏறுவது எப்படி?

கெங்கவல்லியில் ரயில் நிலையம் கிடையாது. ரயில் ஏற ஆத்தூருக்குப் போக வேண்டும். அப்படி இருக்க, சென்னைக்குள் ஓடும் ரயிலைப் பற்றிக் கெங்கவல்லிக்காரருக்கு என்ன கவலை?

கவலை உண்டு!

பெரிய வைத்தியம் என்றால் சென்னை. பெரிய பரீட்சை என்றால் சென்னை. மகனுக்கு வேலை கிடைத்தால் அதுவும் சென்னை. மரவள்ளிக் காட்டில் பாடுபட்டுச் சேர்த்த காசை முடிந்துகொண்டு, சேலம் மாவட்டத்துக் குடும்பங்கள் அந்த ஊருக்குத்தான் போகின்றன. சென்னை ரயில் சென்னைக்காரருக்கு மட்டும் சொந்தம் அல்ல. தமிழ்நாட்டில் உள்ள எல்லோருக்கும் அது சொந்தம்.

அந்த ரயிலில் எல்லோராலும் ஏற முடிகிறதா? அதுதான் கேள்வி.

தெருவில் ஓடிய டிராம்

சென்னையில் முன்பு டிராம் வண்டி ஓடியது. 1895-ம் ஆண்டு மே மாதம் 7-ந் தேதி அது ஓடத் தொடங்கியது. இந்தியாவில் மின்சாரத்தால் ஓடிய முதல் டிராம் அதுதான்.

தெருவிலே தண்டவாளம், தெருவிலே வண்டி. மாடிப்படி ஏற வேண்டாம். சுரங்கத்தில் இறங்க வேண்டாம். தெருவில் நின்றவர் காலைத் தூக்கி வைத்தால் வண்டிக்குள் இருப்பார்.

டிராமில் குறையும் உண்டு. அது மெதுவாகப் போயிற்று. பஸ் போட்டிக்கு வந்தது. கம்பெனிக்கு நஷ்டம் ஏற்பட்டது. 1953-ம் ஆண்டு ஏப்ரல் 12-ந் தேதியோடு டிராம் நின்று போயிற்று.

மாடிக்குப் போன ரயில்

42 ஆண்டுகள் கழித்து, சென்னையில் புது மாதிரி ரயில் வந்தது. 1995 நவம்பர் 1-ந் தேதி கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரை ஓடியது. 1997-ல் மயிலாப்பூர் வரை நீண்டது. 2007-ல் வேளச்சேரியை எட்டியது.

உயரமான தூண்களின் மேல் ஓடுவதால், மக்கள் அதற்குப் "பறக்கும் ரயில்" என்று பெயர் வைத்தார்கள். கீழே தெருவில் எவ்வளவு நெரிசல் இருந்தாலும் மேலே ரயில் நிற்காமல் போகும். டிக்கெட்டும் மலிவு. நல்ல காரியம்தான். சந்தேகம் இல்லை.

ஆனால், தெருவில் நின்ற வண்டி மாடிக்குப் போய்விட்டது. மாடிக்கு ஏற, படி ஏற வேண்டும். முழங்கால் வலிக்காரர் என்ன செய்வார்? கைக்குழந்தையோடு மூட்டையும் சுமந்து வரும் தாய் என்ன செய்வாள்?

"நகரும் படிக்கட்டு இருக்கிறதே!" என்பார்கள். அது நகர்ந்தால் சரி. நின்றுவிட்டால்? சாதாரணப் படியைவிட நகரும் படியின் உயரம் அதிகம். ஓடாத நகரும் படிக்கட்டில் ஏறுவது மலை ஏறுவது போல!

இன்னொரு சங்கதி. பறக்கும் ரயில் நிலையங்களைப் பெரிய பெரிய கட்டிடங்களாகக் கட்டினார்கள். கடைகளுக்கு வாடகைக்கு விடலாம் என்பது எண்ணம். எதிர்பார்த்தபடி கடைகள் வரவில்லை. பல தளங்கள் வெறிச்சோடிக் கிடந்தன. கடை இல்லாத இடத்தில் ஆள் இல்லை. ஆள் இல்லாத இடத்தில் வெளிச்சம் இல்லை. வெளிச்சம் இல்லாத படியில் தனியாக ஏறப் பெண்கள் தயங்குகிறார்கள்.

வேலை முடிந்து இரவில் வீடு திரும்பும் பெண், மலிவான ரயிலை விட்டுவிட்டு ஆட்டோவில் போனால், அவள் கொடுக்கும் கூடுதல் காசு எதற்கு? இருட்டுக்கு! ஒரு விளக்கு எரிந்திருந்தால் அந்தக் காசு வீட்டுக்கு வந்திருக்கும்.

வேளச்சேரியிலிருந்து பரங்கிமலை வரை 5 கிலோமீட்டர் பாதையின் கதையையும் கேளுங்கள். பறக்கும் ரயிலை மற்ற ரயில்களோடு சேர்க்கும் பாதை அது. நடுவில் ஒரு சிறு துண்டு நிலத்துக்கு வழக்கு. அந்தச் சிறு துண்டுக்காக, முழுப் பாதையும் பத்தாண்டுகளுக்கு மேல் காத்துக் கிடந்தது.

பக்கத்தில் தண்டவாளம்; நிலையம் இல்லை!

கெங்கவல்லிக்காரருக்கு நேராகப் பட்ட கஷ்டம் ஒன்று உண்டு.

ஆத்தூர், கள்ளக்குறிச்சி வழியாகச் சென்னைக்குப் போன பஸ்கள் முன்பு கோயம்பேட்டில் நின்றன. அங்கே 2015 ஜூன் 29 முதல் மெட்ரோ ரயில் ஓடுகிறது. பஸ்ஸை விட்டு இறங்கியவர் ரயில் ஏறிவிடலாம்.

2023 டிசம்பர் 30-ந் தேதி கிளாம்பாக்கத்தில் புதிய பஸ் நிலையம் திறக்கப்பட்டது. தென் மாவட்ட பஸ்களும் இந்த வழி பஸ்களும் அங்கே போய் நின்றன. பெரிய நிலையம். நகரத்துக்குள் நெரிசலைக் குறைக்க நல்ல ஏற்பாடு. பக்கத்திலேயே செங்கல்பட்டு மின்சார ரயில் ஓடுகிறது.

ஆனால் பஸ் நிலையத்தைத் திறந்த அன்று அங்கே ரயில் நிலையம் இல்லை! அதைக் கட்டும் வேலையே அதற்குப் பிறகுதான் தொடங்கியது. அதுவரை, விடியற்காலையில் மூட்டையோடு இறங்கியவர்கள் இன்னொரு பஸ் பிடித்து, வண்டலூருக்கோ ஊரப்பாக்கத்துக்கோ போய் ரயில் ஏற வேண்டியிருந்தது.

பந்தலைப் போட்டு, பந்தியையும் உட்கார வைத்துவிட்டு, அடுப்புக்கு இடம் தேடலாமா?

செல்போன் இல்லாதவர்

நல்லதும் நடந்திருக்கிறது. அதையும் சொல்ல வேண்டும்.

பஸ், மெட்ரோ ரயில், மின்சார ரயில் மூன்றுக்கும் ஒரே டிக்கெட் எடுக்க, 2025 செப்டம்பரில் "சென்னை ஒன்று" என்னும் செல்போன் செயலி வந்தது. பறக்கும் ரயிலை மெட்ரோவோடு சேர்க்க, ரயில்வே வாரியம் அதே ஆண்டில் கொள்கை அளவில் சம்மதம் கொடுத்தது. ஒரே கையில் பொறுப்பு வந்தால், விளக்கு எரியாததற்கு இவர் அவரைக் காட்ட, அவர் இவரைக் காட்ட வழி இல்லை.

ஆனால் எல்லோர் கையிலும் அந்த மாதிரி செல்போன் இல்லை. இருந்தாலும் எல்லோருக்கும் அதில் டிக்கெட் எடுக்கத் தெரியாது. புதிதாக எழுத்துக் கூட்டிப் படிப்பவருக்கு, ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து டிக்கெட் தரும் ஓர் ஆள் வேண்டும். "எந்தப் பக்கம் போகணும் தம்பி?" என்று கேட்டால் பதில் சொல்ல ஓர் ஆள் வேண்டும். இயந்திரம் வந்தது என்று ஆளை எடுத்துவிடக் கூடாது.

சிங்கப்பூரைப் பாருங்கள்

தமிழர்கள் வாழும் சிங்கப்பூரில், 1999-ல் புக்கிட் பாஞ்சாங் என்னும் பகுதியில் சின்ன ரயில் விட்டார்கள். அடுக்குமாடி வீடுகளுக்குப் பக்கத்திலேயே அது வரும். ஆட்களை ஏற்றிக்கொண்டு போய்ப் பெரிய ரயிலிடம் சேர்க்கும். அதுவும் அடிக்கடி பழுதானது. மக்கள் குறை சொன்னார்கள். பழுது பார்த்துப் புதுப்பிக்கும் வேலையில் இறங்கினார்கள்.

ரயிலோடு அவர்கள் நிற்கவில்லை. பெரிய ரயில் நிலையத்தைச் சுற்றி 400 மீட்டர் தூரத்துக்குள் இருக்கும் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி போன்ற இடங்களுக்குக் கூரை போட்ட நடைபாதை அமைத்தார்கள். மழையிலும் வெயிலிலும் குடை இல்லாமல் நடக்கலாம். அவர்கள் கணக்கில் ரயில் பயணம் நிலையத்தில் தொடங்குவது இல்லை. வீட்டு வாசலில் தொடங்குகிறது!

பணம் எங்கே?

"இதற்கெல்லாம் பணம் வேண்டாமா?" என்று கேட்பார்கள். வேண்டும். சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டத்துக்கு 63,246 கோடி ரூபாய்த் திட்டத்தை மத்திய மந்திரிசபை 2024 அக்டோபரில் ஏற்றது. 118.9 கிலோமீட்டர் பாதை அது. அவ்வளவு பணம் போடும்போது, ஒரு லிப்ட்டும், ஒரு கழிப்பறையும், பள்ளம் இல்லாத நடைபாதையும் பெரிய செலவா? பால் வாங்கப் பணம் இருக்கிறது. காய்ச்சப் பாத்திரம் வாங்கப் பணம் இல்லை என்பது போல் ஆகும்!

பயணிகளுக்கும் பொறுப்பு உண்டு. லிப்ட்டில் வெற்றிலை எச்சில் துப்புவது யார்? கிழவர் நிற்க, வாலிபர் உட்கார்ந்து செல்போன் பார்ப்பது நியாயமா? இறங்குகிறவருக்கு வழி விடாமல் கதவை அடைத்து நிற்கலாமா? பொதுச் சொத்தை வீட்டுச் சொத்துப் போல் பார்த்தால், பாதிக் குறை தீரும்.

செய்ய வேண்டியது

புதிய நிலையத்தைத் திறக்க வரும் அதிகாரிகள் ஒரு காரியம் செய்யலாம். ரிப்பன் வெட்டும் முன், எழுபது வயதுப் பாட்டி ஒருவரைப் பஸ்ஸிலிருந்து இறக்கி, ரயில் வரை தனியாக நடந்து போகச் சொல்லுங்கள். அவர் தடுமாறாமல், யாரையும் கெஞ்சாமல் ரயில் ஏறிவிட்டால் நிலையம் தயார். வழியில் உட்கார்ந்துவிட்டால், திறப்பு விழாவைத் தள்ளி வையுங்கள்!

இந்தப் பாடம் சென்னைக்கு மட்டும் அல்ல. ஆத்தூர் நிலையத்தில் ரயில் வரும் நேரத்தைப் பார்த்துக் கெங்கவல்லி பஸ்ஸுக்கு நேரம் வகுக்க, கோடி ரூபாய் வேண்டாம். இரண்டு அதிகாரிகள் ஒரு மேஜையில் உட்கார்ந்து பேசினால் போதும்.