டெக்சாஸ்: நிலமும் பருத்தியும் எழுதிய விடுதலைப் போர்

அமெரிக்காவின் சான் அன்டோனியோ நகரில் உள்ள அலமோ நினைவிடத்தை நிர்வகிக்கும் அறக்கட்டளையின் தலைமை அதிகாரி 2025 அக்டோபரில் பதவி விலகினார். நிதி முறைகேடு ஏதுமில்லை. தமது முனைவர் பட்ட ஆய்வேட்டில், அலமோவின் வரலாற்றை இன்னும் விரிவான பார்வையுடன் சொல்ல வேண்டும் என்ற பொருளில் அவர் எழுதியிருந்தது மாநிலத் துணை ஆளுநருக்கு உவப்பாக இல்லை. விலகுமாறு வெளிப்படையாகவே வலியுறுத்தினார். ஆய்வேட்டை நெறியாளரும் தேர்வாளரும் தவிர எவரும் படிப்பதில்லை என்பது கல்லூரி வட்டாரத்தின் பழைய கேலி. டெக்சாஸில் அதற்கு இனி இடமில்லை போலும்.

1836 பிப்ரவரி 23 முதல் மார்ச் 6 வரை பதின்மூன்று நாள் நீடித்த ஒரு முற்றுகையைப் பற்றிய சொற்களுக்கு இன்று ஏன் இவ்வளவு பதற்றம்? அந்த ஆண்டைக் கொண்டாடுவதற்கென்றே 2021இல் டெக்சாஸ் சட்டமன்றம் ‘1836 திட்டம்’ என்ற பெயரில் ஒரு குழுவை அமைத்தது. 2024 ஜனவரியில் ஈகிள் பாஸ் எல்லையில் முள்கம்பி வேலியை முன்னிட்டு மாநில அரசும் மத்திய அரசும் மோதிக்கொண்டபோது, அந்தப் போரின் முதல் மோதலில் பிறந்த ‘முடிந்தால் வந்து எடுத்துக்கொள்’ என்ற முழக்கமே திரும்ப ஒலித்தது. பழைய கொடியில் பீரங்கி இருந்த இடத்தில் இப்போது முள்கம்பி.

இந்த இடத்தில் ஒரு முரண் உண்டு. அந்த எல்லையில் குடியேற்றத்தைத் தடுக்க முதலில் சட்டம் இயற்றிய நாடு அமெரிக்கா அல்ல, மெக்சிகோ. 1830 ஏப்ரல் 6ஆம் நாள் சட்டம் அமெரிக்காவிலிருந்து டெக்சாஸுக்குள் குடியேறுவதைத் தடை செய்தது. ஆயினும் லூசியானா வழியாக மக்கள் வந்துகொண்டே இருந்தனர். அனுமதியின்றி எல்லை கடந்தவர்கள் அன்று அமெரிக்கர்கள்.

அவர்களை ஈர்த்தது நிலத்தின் விலை. 1819 நிதி நெருக்கடிக்குப் பின் அமெரிக்க அரசு பொதுநிலத்தைக் கடனுக்கு விற்பதை நிறுத்தியது. ஏக்கருக்கு 1.25 டாலர், குறைந்தது 80 ஏக்கர், முழுத்தொகையும் ரொக்கம். கையில் 100 டாலர் இல்லாத விவசாயிக்கு வழியில்லை. ஆற்றின் அப்பால் மெக்சிகோவோ, கால்நடை வளர்க்கும் குடும்பத்துக்குச் சிறு கட்டணத்தில் ஏறத்தாழ 4,400 ஏக்கர் கொடுத்தது. ஏழாண்டுச் சுங்க விலக்கு வேறு. பதிலுக்கு மெக்சிகோவின் குடிமக்களாகி, கத்தோலிக்கத்தை ஏற்க வேண்டும். கொமாஞ்சே பழங்குடியினரின் தாக்குதலுக்கு நடுவே ஆளில்லாக் கிடந்த எல்லையை நிரப்ப, மெக்சிகோ போட்ட கணக்கு இது. முதல் 300 குடும்பங்களைக் குடியமர்த்திய ஸ்டீபன் ஆஸ்டினும் நொடித்துப்போன ஒரு தொழிலதிபரின் மகன்தான்.

கணக்கு தப்பியது. 1836 வாக்கில் ஆங்கிலம் பேசுவோர் சுமார் 30,000. மெக்சிகோ வழியினர் நாலாயிரத்துக்கும் குறைவு. அடிமைகள் சுமார் 5,000 என்பது பொதுவான மதிப்பீடு. கடைசி எண்ணில்தான் இன்றைய சச்சரவெல்லாம் அடங்கியிருக்கிறது. மெக்சிகோ 1829இல் அடிமை முறையை ஒழித்து ஆணையிட்டது. எதிர்ப்பு எழவே டெக்சாஸுக்கு விலக்களித்தது. அடிமைகளை 99 ஆண்டு ஒப்பந்தக் கூலிகளாகக் காகிதத்தில் மாற்றிக் காட்டும் தந்திரமும் நடந்தது. குடியேறியோரில் பெரும்பாலோர் அடிமைகளை வைத்திருக்கவில்லை என்பது உண்மை. ஆனால் ஏற்றுமதிக்குரிய பயிர் பருத்தி. வாங்கிய நிலத்தின் மதிப்பு உயர்வதும் கடன் தீர்வதும் அதை நம்பியே. அடிமை முறையைக் குறித்து ஒருகாலத்தில் தயங்கிய ஆஸ்டினே பின்னர் அது தவிர்க்க முடியாதது என்ற முடிவுக்கு வந்தார்.

இதனால், போர் அடிமை முறைக்காக மட்டுமே நடந்தது என்று நான் சொல்லமாட்டேன். அதிபர் சாந்தா அன்னா 1824 அரசமைப்பைத் தூக்கியெறிந்து மாகாண அதிகாரங்களைப் பறித்தார். எதிர்த்த சகாடெகாஸ் மாகாணத்தை 1835இல் நசுக்கினார். கோலியாத்தில் சரணடைந்த கைதிகளை நூற்றுக்கணக்கில் சுட்டுக்கொல்ல ஆணையிட்டார். குறை உண்மையானது. ஆனால் புதிய குடியரசின் அரசமைப்பு, அடிமைகளை விடுவிக்கும் அதிகாரம் சட்டமன்றத்துக்கே இல்லை என்றும், சுதந்திரமான கறுப்பினத்தவர் அனுமதியின்றி வாழக்கூடாது என்றும் எழுதிவைத்தது. 1860 மக்கள்தொகைக் கணக்கில் டெக்சாஸின் அடிமைகள் 1,82,566 பேர்.

1836 ஏப்ரல் 21இல் சான் ஹசிந்தோவில் சாம் ஹூஸ்டனின் படை பதினெட்டே நிமிடங்களில் வென்றது. மறுநாள் சாந்தா அன்னா பிடிபட்டார். தலைவர்களின் பிற்கால வாழ்க்கை அந்த வெற்றியைவிட அதிகம் சொல்கிறது. ஆஸ்டின் அதிபர் தேர்தலில் ஹூஸ்டனிடம் தோற்று, அவ்வாண்டு டிசம்பரிலேயே இறந்தார். ஹூஸ்டன் 1861இல் ஆளுநராக இருந்தார். அமெரிக்க ஒன்றியத்திலிருந்து பிரிந்த அடிமை மாநிலங்களின் கூட்டமைப்புக்கு விசுவாச உறுதிமொழி எடுக்க மறுத்ததால் பதவி இழந்தார். அவரும் அடிமைகளை வைத்திருந்தவரே.

சான் அன்டோனியோவைச் சேர்ந்த ஹுவான் செகின், சான் ஹசிந்தோவில் ஹூஸ்டனுடன் நின்று போரிட்ட மெக்சிகோ வழியினர். பின்னர் குடியரசின் செனட்டர், நகரத் தலைவர். புதிதாய் வந்தவர்கள் அவரைத் துரோகி என்று பழித்து மிரட்டவே, 1842இல் மெக்சிகோவுக்கு ஓடினார்.

அலமோவில் இறந்த தளபதி டிராவிசின் அடிமை ஜோ உயிர்பிழைத்தார். உள்ளே நடந்ததைக் குடியரசின் தலைவர்களுக்கு நேரில் விவரித்தவர் அவர். சொல்லி முடித்ததும் டிராவிசின் சொத்துகளோடு சேர்த்து அவரையும் திருப்பி ஒப்படைத்தார்கள். சான் ஹசிந்தோ வெற்றியின் முதல் ஆண்டு நாளில், 1837 ஏப்ரல் 21 அன்று, அவர் தப்பியோடினார்.